ஓர் எழுத்தும் ஒரு புள்ளியும்: சொல் காத்த சமணர் மரபு

சென்னையின் தியாகராய நகரைத் ‘தியாகராஜ நகர்’ என்று எழுதிவிடுவோர் இன்றும் உண்டு. வேறுபாடு ஓர் எழுத்துதான். ஆயினும் அந்த ஓர் எழுத்து ஆளையே மாற்றிவிடுகிறது. நீதிக்கட்சியைத் தோற்றுவித்தோருள் ஒருவரும் சென்னை மாநகராட்சியின் தலைவராக விளங்கியவருமான சர் பிட்டி தியாகராய செட்டியாரின் (1852–1925) பெயரால் அமைந்தது இந்நகர். மாம்பலத்தின் பழைய ஏரி தூர்க்கப்பட்ட நிலப்பரப்பில் 1920களில் இது உருவாயிற்று. ‘ராய’ என்பது ‘ராஜ’ என்றானவுடன் செட்டியார் மறைந்து, திருவையாற்றின் இசைமேதையோ திருவாரூர்ப் பெருமானோ நினைவில் எழுகின்றனர். எழுத்துப் பிழை என்பது மையின் பிழை மட்டுமன்று, பொருளின் பிழையும் ஆகும் என்பதற்கு இவ்வூரின் பெயரே சான்று.

இவ்வூரின் அடுக்குமாடி இல்லங்களில் மாலை வேளையில் இருவகைப் பயிற்சிகள் நடைபெறுகின்றன. ஒன்று, ‘ஸ்பெல்லிங் பீ’ எனப்படும் ஆங்கில எழுத்துக்கூட்டல் போட்டிக்கான பயிற்சி. தாய் ஒரு சொல்லைச் சொல்ல, பிள்ளை அதன் எழுத்துகளை ஒவ்வொன்றாக ஒப்பிக்கிறது. மற்றொன்று, ஜைன ஆலயத்தைச் சார்ந்த பாடசாலைகளில் நடைபெறுவது. அங்கே குழந்தைகள் நவகார மந்திரத்தில் தொடங்கி, பிராகிருதச் சூத்திரங்களையும் பக்தாமரத் துதியையும் எழுத்துப் பிசகாமல் மனனம் செய்கின்றனர். ஒன்று புதியது, மற்றொன்று மிகப் பழையது. அரிய சொல்லை எதிர்கொள்ள ஒருவன் தன்னை எவ்வாறு ஆயத்தப்படுத்திக்கொள்வது என்ற வினா இரண்டிற்கும் பொதுவானது. அவ்வினாவுக்கு ஜைன மரபு வடக்கிலும் தெற்கிலும் தந்த விடைகள் ஒருங்கே வைத்து எண்ணத் தக்கவை.

அமெரிக்காவில் பிறந்த போட்டி

‘பீ’ என்னும் ஆங்கிலச் சொல்லைக் கேட்டவுடன் தேனீயை எண்ணுவது இயல்பு. அமெரிக்கக் கிராம வழக்கில் அச்சொல், அண்டை வீட்டார் ஒன்றுகூடிச் செய்யும் கூட்டுவேலையையும் குறித்தது. துணி தைக்கவும் சோளம் உரிக்கவும் கூடியதைப் போலவே, சொற்களை எழுத்துக்கூட்டிச் சொல்லவும் கூடினர். 1925இல் 9 நாளிதழ்கள் இணைந்து அதனைத் தேசியப் போட்டியாக வாஷிங்டனில் நடத்தின. கென்டக்கியைச் சேர்ந்த 11 வயதுச் சிறுவன் பிராங்க் நியூஹவுசர் ‘கிளாடியோலஸ்’ என்னும் மலரின் பெயரைப் பிழையின்றிச் சொல்லி முதற்பரிசு பெற்றான்.

1985இல் பாலு நடராஜன் வென்றார். இந்திய வம்சாவளியினர் ஒருவர் இப்போட்டியில் வாகை சூடியது அதுவே முதன்முறை. இந்த நூற்றாண்டில் வென்றோரில் பெரும்பாலோர் இந்தியக் குடும்பங்களின் பிள்ளைகளே. 2019இல் ஒரே மேடையில் 8 பேர் கூட்டாக வென்றனர். அவர்களுள் எழுவர் இந்திய வம்சாவளியினர்.

இப்போட்டியில் தேர்ந்த மாணவர் எழுத்துகளை வெறுமனே உருப்போடுவதில்லை. சொல்லைக் கேட்டவுடன் அது எம்மொழியிலிருந்து வந்தது, அதன் பொருள் என்ன, பெயரா வினையா, எவ்வாறு தொடரில் வழங்கும் என்று நடுவரை வினவுகின்றனர். கிரேக்கச் சொல்லாயின் ஒரு வகை எழுத்துமுறை, பிரெஞ்சுச் சொல்லாயின் வேறு வகை. பொருளும் பிறப்பும் தெரிந்தால் எழுத்து தானே வந்தமையும் என்பது அவர்கள் பட்டறிவால் கண்ட நெறி. இந்நெறி ஜைன நூல் மரபுக்குப் புதிதன்று.

ஒரு புள்ளியால் இழந்த கண்கள்

குஜராத்தின் பேராசான் ஹேமசந்திர சூரி 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய பரிசிஷ்ட பர்வத்தில் ஒரு வரலாறு கூறப்படுகிறது. மௌரிய வேந்தன் அசோகனின் மகன் குணாலன் உஜ்ஜயினியில் வளர்ந்து வந்தான். எட்டு வயது நிரம்பிய மகன் கல்வி கற்கத் தொடங்கட்டும் என்று விரும்பிய தந்தை, ‘அதீயவு’ என்று பிராகிருதத்தில் மடல் எழுதினான். ‘பயிலட்டும்’ என்பது அதன் பொருள். அருகிருந்த மாற்றாந்தாய், தன் மகனுக்கு அரசுரிமை வேண்டி, முதல் எழுத்தின் தலைமேல் ஒரு புள்ளியை இட்டுவிட்டாள். வட எழுத்துகளில் தலைமேல் இடும் புள்ளி மெல்லோசையைக் கூட்டும். சொல் ‘அந்தீயவு’ என்றாயிற்று. ‘குருடாகட்டும்’ என்பது அதன் பொருள்.

மடலைப் படித்தவர் வாய்விட்டுச் சொல்ல அஞ்சினர். குணாலன் தானே வாங்கிப் படித்தான். மௌரியர் குலத்தில் தந்தை சொல்லை மீறியவர் இல்லை என்று கூறித் தன் கண்களைத் தானே அவித்துக்கொண்டான். பின்னாளில் இசைவாணனாக அரசவைக்கு வந்த அவன், தன் மகனுக்காக நாட்டை வேண்டிப் பெற்றான். அம்மகனே ஆரிய சுஹஸ்தியின் அருள் பெற்று, ஆந்திரத்திலும் திராவிட நாட்டிலும் அருக நெறி பரவத் துணைநின்றவனாகப் போற்றப்படும் சம்பிரதி மன்னன்.

கல்வெட்டு வரலாற்றாசிரியர் இதனை எவ்வாறு மதிப்பிடினும், இக்கதையைப் பேணிவந்த சமூகம் எழுத்தை எவ்வளவு அச்சத்தோடும் மதிப்போடும் கருதியது என்பது தெளிவு. எழுதியவர் பிழைக்கு எழுதியவரே பொறுப்பு என்றிருக்க, இங்கோ படித்தவன் அதன் விளைவைச் சுமந்தான்.

குகையில் நடந்த தேர்வு

திகம்பர மரபு காத்துவரும் மற்றொரு வரலாறு, சொற்றேர்வு என்று கூறத்தக்க நிகழ்ச்சி. வீரசேனர் 9ஆம் நூற்றாண்டில் எழுதிய தவளை என்னும் பேருரையில் அது இடம்பெற்றுள்ளது. கிர்நார் மலையின் சந்திர குகையில் வாழ்ந்த தரசேன ஆசாரியர், மகாவீரர் வழிவந்த ஆகம அறிவு தம்மோடு மறைந்துவிடுமோ என்று அஞ்சினார். அவர் விடுத்த ஓலையை ஏற்று, அறிவிற் சிறந்த இரு துறவியர் வந்து சேர்ந்தனர். கற்பிக்குமுன் அவர்களைச் சோதிக்க விரும்பிய ஆசாரியர், ஆளுக்கொரு மந்திரத்தைத் தந்து, இரு நாள் உண்ணா நோன்பிருந்து ஓதுமாறு பணித்தார். ஒரு மந்திரத்தில் எழுத்தைக் கூட்டியும் மற்றொன்றில் குறைத்தும் வைத்திருந்தார்.

ஓதி முடித்தபோது ஒருவர் முன் பல் துருத்திய தேவதையும் மற்றவர் முன் ஒற்றைக் கண் தேவதையும் தோன்றின. தேவதைகளுக்கு ஊனம் இருத்தல் இயல்பன்று. ஆகவே பிழை மந்திரத்தில்தான் இருக்க வேண்டும் என்று இருவரும் உணர்ந்தனர். இலக்கண அறிவைக் கொண்டு மிகுந்த எழுத்தை நீக்கினார் ஒருவர். குறைந்த எழுத்தைச் சேர்த்தார் மற்றவர். மீண்டும் ஓதியபோது தேவதைகள் தம் இயல்பான அழகுடன் தோன்றின. நடந்ததை அவர்கள் கூறக் கேட்ட தரசேனர் மகிழ்ந்து கற்பிக்கத் தொடங்கினார்.

ஆசான் தந்ததை அப்படியே ஒப்பித்தவர்க்கு இத்தேர்வில் வெற்றி இல்லை. தந்ததில் உள்ள பிழையைக் கண்டு திருத்தியவரே தேறினர். அவர்களே புஷ்பதந்தர், பூதபலி என்னும் பெயர் பெற்ற பெரியோர். கற்று முடித்தபின் குஜராத்தின் அங்கலேஸ்வரத்தில் மழைக்காலத்தைக் கழித்து, புஷ்பதந்தர் வனவாசி நாட்டுக்கும் பூதபலி திராவிட நாட்டுக்கும் சென்றனர் என்கிறது தவளை. அவ்விருவரின் உழைப்பால் ஷட்கண்டாகமம் ஏட்டில் ஏறியது. அந்நூல் நிறைவெய்தி வழிபடப்பெற்ற நாளே சுருத பஞ்சமி. குஜராத்தில் தோன்றிய ஓர் அச்சத்துக்குத் தென்னாடு சென்றவர் ஒருவர் விடை தந்தார் என்பது, இவ்விரு நிலங்களையும் சேர்ந்த ஜைனர்கள் கூடி வாழும் சென்னைக்கு நெருக்கமான செய்தி.

சுவேதாம்பர மரபிலும் இதே கவலை எழுந்தது. கி.பி. 5ஆம் நூற்றாண்டில் தேவர்த்தி கணி க்ஷமாசிரமணர் தலைமையில் வலபியில் கூடிய துறவியர், நினைவில் நின்ற ஆகமங்களை ஏட்டில் எழுதுவித்தனர். கார்த்திகை வளர்பிறைப் பஞ்சமியில் வரும் ஞான பஞ்சமியன்று நூலையும் எழுதுகோலையும் குழந்தைகள் வழிபடுகின்றனர். ஞானாசாரம் எட்டு எனக் கூறுமிடத்து, எழுத்து வழுவாமை, பொருள் வழுவாமை, இரண்டும் வழுவாமை என மூன்றைத் தனித்தனியே எண்ணுகின்றனர் ஆசாரியர்கள். பிரதிக்கிரமணத்தில், எழுத்தைக் குறைத்து ஓதியதற்கும் மிகுத்து ஓதியதற்கும் ‘மிச்சாமி துக்கடம்’ சொல்லப்படுகிறது. உயிர்களுக்கு இழைத்த தீங்கிற்கு மன்னிப்பு வேண்டும் அதே நாவால், சொல்லுக்கு இழைத்த தீங்கிற்கும் மன்னிப்பு வேண்டப்படுகிறது.

தமிழ் எழுத்தும் சமண ஆசிரியரும்

தமிழ் பெரும்பாலும் எழுதியவாறே படிக்கப்படும் மொழி. ஆயினும் அதற்கும் தனக்கெனச் சில இடர்கள் உண்டு. அரை வேறு, அறை வேறு. மனம் வேறு, மணம் வேறு. வலி, வளி, வழி மூன்றும் வெவ்வேறு. செவி தடுமாறினால் கை தடுமாறும்.

இத்தடுமாற்றத்திற்கு மருந்து தந்தவர்களுள் முன்னிற்பவர் பவணந்தி முனிவர். சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்டுகோளால் அச்சமண முனிவர் இயற்றிய நன்னூல், எழுத்துகள் வாயில் பிறக்கும் இடத்தைத் துல்லியமாகக் காட்டுகிறது. நாவின் நுனி மேலண்ணத்தை வருடினால் ரகரமும் ழகரமும், நன்கு பொருந்தினால் றகரமும் னகரமும் தோன்றும். நாவின் விளிம்பு தடித்துப் பல்லின் அடியை ஒற்றினால் லகரம். அண்ணத்தை வருடினால் ளகரம். எழுத்துக்கூட்டல் என்பது கண்ணின் நினைவில் தொடங்காமல் நாவின் பழக்கத்தில் தொடங்க வேண்டும் என்பது இதன் உட்கருத்து.

தியாகராய நகரை அடுத்த மயிலாப்பூருக்கும் இம்மரபில் இடமுண்டு. பண்டு அங்கே நேமிநாத தீர்த்தங்கரர் கோயில் இருந்தது. கடல் அரிப்பிற்கு அஞ்சி அத்திருமேனி செஞ்சியை அடுத்த மேல்சித்தாமூருக்குக் கொண்டுசெல்லப்பட்டது என்பது தமிழ்ச் சமணர் வழக்கு. அந்நேமிநாதரின் பெயராலேயே குணவீர பண்டிதர் நேமிநாதம் என்னும் இலக்கணத்தை வெண்பாக்களில் யாத்தார். எழுத்தையும் சொல்லையும் சுருங்கக் கற்பிப்பதால் அதற்குச் சின்னூல் என்ற பெயரும் உண்டு.

அரிய சொல்லுக்கு ஆயத்தம்: நிகண்டு

எழுத்துத் தெரிந்தபின் சொல் தெரிய வேண்டும். அதற்கு அமைந்த நூல்வகை நிகண்டு. திவாகரமும் பிங்கலமும் முற்பட்டவை, நூற்பாவால் ஆனவை. 16ஆம் நூற்றாண்டினர் எனப் பொதுவாகக் கொள்ளப்படும் மண்டல புருடர் என்னும் சமணப் புலவர், சிறுவரும் எளிதில் மனனம் செய்யுமாறு அக்கருத்துகளை விருத்தப் பாக்களில் அமைத்துச் சூடாமணி நிகண்டை இயற்றினார். அவருடைய ஆசான் குணபத்திரர்.

சூடாமணி 12 தொகுதிகளை உடையது. தேவர், மக்கள், விலங்கு, மரம், இடம், பல்பொருள், செயற்கை வடிவம், பண்பு, செயல், ஒலி என்று உலகப் பொருள்களை வகுத்து, ஒவ்வொன்றின் பல பெயர்களை முதல் 10 தொகுதிகள் கூறுகின்றன. 11ஆம் தொகுதி, ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைத் தருகிறது. ‘அரி’ என்னும் ஒரு சொல்லே திருமால், சிங்கம், வண்டு, தவளை, பகை எனப் பல பொருள் தருவது போன்ற இடங்களில் மாணவனுக்குத் துணைநிற்பது இத்தொகுதியே. 12ஆம் தொகுதி, மும்மணி, ஐம்புலன் போலத் தொகையாக வழங்கும் சொற்களை விரிக்கிறது.

11ஆம் தொகுதி அகரவரிசையில் அமையவில்லை. சொல்லின் இரண்டாம் எழுத்தைக் கொண்டு, ககர எதுகை முதலாக அடுக்கப்பட்டுள்ளது. ஏட்டைப் புரட்டித் தேடுவதற்கு அகரவரிசை ஏற்றது. நினைவில் தேடுவதற்கு எதுகை ஏற்றது. பாட்டின் அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒத்து வருவதால், ஒரு சொல்லை நினைத்தவுடன் அடுத்த சொல் தானே நாவில் வந்து நிற்கும்.

இதற்கு முன்பே வடக்கிலும் இத்தகு உழைப்பு நடந்திருந்தது. குணாலன் வரலாற்றை எழுதிய ஹேமசந்திரரே, ஒரு பொருள் குறித்த பல சொற்களுக்கு அபிதான சிந்தாமணியையும், பல பொருள் குறித்த ஒரு சொல்லுக்கு அநேகார்த்த சங்கிரகத்தையும் வடமொழியில் இயற்றியிருந்தார். வடமொழியினின்று பிறவாத நாட்டு வழக்குச் சொற்களைத் தொகுத்துத் தேசீ நாமமாலையும் செய்தார். தென்னாட்டுச் சமணரும் குஜராத்து ஜைனரும் ஒருவரையொருவர் காணாமலே ஒரே பணியைச் செய்தனர்.

திண்ணையில் ஒலித்த பாடம்

சூடாமணி நிகண்டு சமணர் வீடுகளோடு நின்றுவிடவில்லை. தமிழகத்திலும் யாழ்ப்பாணத்திலும் திண்ணைப் பள்ளிகளில் அது பாடநூலாயிற்று. மணலில் விரலால் எழுதிப் பழகிய பிள்ளை, ஆத்திசூடி, கொன்றைவேந்தன் முதலியவற்றைக் கடந்து நிகண்டிற்கு வந்தான். சட்டாம்பிள்ளை ஒருவன் முறை சொல்ல, ஏனையோர் ஒரே குரலில் தொடர்ந்தனர். மாலையில் பள்ளி விடும்போது உபாத்தியாயர் பிள்ளைகளுக்குப் பூ, பறவை, ஊர் முதலியவற்றின் பெயர்களைச் சொல்லி அனுப்புவார்; மறுநாட் காலையில் அவற்றை மறவாமல் ஒப்பிக்க வேண்டும் என்று உ.வே. சாமிநாதையர் தம் வரலாற்றில் பதிவு செய்துள்ளார். முன்பின் அறியாத சொல்லை ஓர் இரவு முழுதும் நெஞ்சில் சுமப்பதே அப்பயிற்சி.

சைவத்தின் காவலராகப் போற்றப்படும் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர், 1849இல் சென்னைக்கு வந்து அச்சிட்ட முதல் நூல்களுள் ஒன்று சூடாமணி நிகண்டின் உரை. சமயத்தால் வேறுபட்டவரும் சொல்லின்பொருட்டு ஒரு சமணப் புலவரின் நூலைத் தம் மாணவர் கையில் தந்தனர்.

வீரமாமுனிவர் 1732இல் தொகுத்த சதுரகராதி, சொற்களை அகரவரிசையில் தேடும் வழியைக் காட்டியது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை 6 தொகுதிகளாக வெளிவந்தது. நிகண்டுகள் தந்த சொற்பொருள் அதனுள் கலந்தது. அகராதி வீட்டிற்கு வந்தபின் நிகண்டை மனனம் செய்ய வேண்டியதில்லை என்றாயிற்று. திண்ணைப் பள்ளிகளும் மறைந்தன.

கேட்டு வந்தவர்க்குக் கிடைத்த விடை

மனனமாக நின்ற சொல்லின் பயன் யாது? அதனை உணர்த்தும் நிகழ்ச்சி கும்பகோணத்தில் நடந்தது. 1880இல் அவ்வூர்க் கல்லூரியில் தமிழாசிரியரான சாமிநாதையரை, சேலம் இராமசாமி முதலியார் சீவக சிந்தாமணியைப் படிக்கத் தூண்டினார். திருத்தக்கதேவரின் அக்காப்பியம் சமண நெறியில் ஊறியது. ஓலைச் சுவடிகளிலோ மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. எகரமும் ஏகாரமும் ஒன்றுபோலவே தோன்றின. எழுத்தை ஒருவாறு கூட்டிப் படித்தாலும், சமணக் கோட்பாட்டுச் சொற்கள் வாயில் திறவாப் பூட்டுகளாக நின்றன. அவர் கற்ற ஆசிரியர்களும் அந்நூலைப் பாடம் சொன்னவர் அல்லர்.

அப்போது அவ்வூரிலேயே சமணர் வாழ்வதை அறிந்து, சந்திரநாத செட்டியார் முதலியோரை அணுகினார். அங்கே சிந்தாமணி ஒரு பழம்பொருளாக இருக்கவில்லை. படிக்கப்பட்டும் போற்றப்பட்டும் வந்தது. ஐயர் எழுத்தாக மட்டும் கண்ட சொற்களுக்கு அவர்கள் பொருள் கூறினர். தம் சமய நூல்களையும் காட்டினர். 1887இல் சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சேறியது. அதன்பின் பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு என ஐயரின் பதிப்புகள் தொடர்ந்தன. பழந்தமிழ் மீண்டு வந்த அப்பெருவழியின் தலைவாயிலை, எண்ணிக்கையில் மிகச் சிறிய ஒரு சமூகத்தின் நினைவாற்றல் திறந்துவைத்தது. அக்குடும்பங்கள் அச்சொற்களை ஒரு தலைமுறை மறந்திருந்தால், சுவடியில் எழுத்து எஞ்சியிருக்கும், பொருள் எஞ்சியிராது.

கற்கும் முறையைப் பற்றி நன்னூல் கூறும் கணக்கு இங்கே நினைக்கத் தக்கது. ஆசிரியர் உரைத்ததை நன்கு கேட்டவனுக்கும் புலமையில் கால் பங்கே வாய்க்கும். உடன் பயில்வோருடன் பழகுவதால் மற்றொரு கால் வரும். எஞ்சிய பாதி, தான் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே நிரம்பும். போட்டி மேடையில் நிற்கும் பிள்ளைக்கு முதல் அரைப் பங்கு கிடைத்துவிடுகிறது. மணி ஒலித்துப் பரிசு முடிந்தபின் அச்சொல் யாருக்கும் எடுத்துரைக்கப்படாவிடில், மறு பாதி நிரம்பாமலே நின்றுவிடும். நான்கு தானங்களுள் ஒன்றாகச் சாஸ்திர தானத்தைச் சமண நூலோர் வைத்ததன் காரணமும் இதுவே.

தியாகராய நகரில் வாழும் ஜைனக் குடும்பங்கள் பலவற்றில் வீட்டுமொழி குஜராத்தியோ மார்வாரியோ ஆகும். பள்ளியில் ஆங்கிலம், வழிபாட்டில் பிராகிருதம், தெருவில் தமிழ். ஒரே நாளில் நான்கு மொழிகளின் சொற்களைச் சுமக்கும் அப்பிள்ளைகளுக்குத் தமிழ் அயலார் மொழி அன்று. அத்தமிழின் எழுத்தை வரையறுத்த நன்னூலும், சொல்லைத் தொகுத்த சூடாமணியும் அவர்களின் சமய முன்னோர் தந்த கொடை. ஞான பஞ்சமியன்றோ சுருத பஞ்சமியன்றோ வழிபாட்டுப் பலகையில் ஆகமங்களின் அருகே ஒரு சூடாமணி நிகண்டும் இடம்பெறுமாயின், அது பொருத்தமாகவே இருக்கும். ஆண்டுக்கு ஒரு தொகுதியிலிருந்து சில பாக்களேனும் பிள்ளைகளின் நாவில் ஏறுமாயின் மேலும் நன்று.

என்றேனும் ஒருவர் ஒரு பழஞ்சொல்லின் பொருள் தேடி வாயிற்படியில் வந்து நிற்கக்கூடும். கும்பகோணத்தில் அவ்வாறு வந்தவர்க்கு விடை கூற ஆள் இருந்தது.